கண்டல்முனையில் ஒருவருக்கும் வருத்தமில்லை

துறைமுக வீதியில், கொள்கலன் லொறிகள் திரும்பும் வளைவுக்கு எதிரே ஒரு மஞ்சள் நிற மூன்று மாடிக் கட்டடம் இருக்கிறது. முத்துறைச் சுகாதாரக் கற்கைகள் நிலையம் என்று அதன் பெயர். விஞ்ஞானம், சமூகம், கொள்கை என்ற மூன்று துறைகளையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்து மனிதரின் சுகாதாரத்தை ஆராய வேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தில் பல்கலைக்கழகம் அதைத் திறந்தது.

பெயர்ப்பலகை ஏறிய புதிதில், மூன்று துறை என்று வாசித்த லொறிச் சாரதி ஒருவர் சீமெந்து மூட்டைகளை எந்தத் துறையில் இறக்குவது என்று உள்ளே வந்து கேட்டார். கீழ்மாடியில் இருந்த விஞ்ஞானத் துறை, சீமெந்து சமூகத்தோடு தொடர்புடைய பொருள் என்று அவரை இரண்டாம் மாடிக்கு அனுப்பியது. சமூகத் துறை, சீமெந்தைப் பற்றிக் கொள்கை ஏதும் உண்டா என்று மூன்றாம் மாடியில் விசாரிக்கச் சொன்னது. கொள்கைத் துறை, முதலில் இது சீமெந்துதானா என்று விஞ்ஞானத் துறையிடம் எழுத்தில் உறுதிப்படுத்தி வரச் சொன்னது. சாரதி இறங்கி வெளியே வந்தபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது. சீமெந்து லொறியிலேயே கட்டிபட்டுப்போயிருந்தது. நிலையத்தின் வேலைமுறை அன்றைக்கே முழுமை பெற்றுவிட்டது எனலாம். அதற்குப் பிறகு அதில் யாரும் கை வைக்கவில்லை.

இந்த நிலையத்தில் இறுதியாண்டு மாணவி றுமானா. குச்சவெளியையும் தாண்டிப் போனால் வரும் கண்டல்முனை என்ற கரையோர ஊர் அவளுடையது. முஸ்லிம்களும் தமிழர்களும் அருகருகே இருக்கிற ஊர். நிலையத்துக்குச் சொந்தமான கிளினிக் வேன் ஒன்று செவ்வாய்க்கிழமைகளில் அங்கே போகும். பொதுநோக்கு மண்டபத்தில் டொக்டர் கிருஷாந்த் இருந்து பார்ப்பார். றுமானாவின் உம்மா ஜெமீலாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. டவுனுக்குப் பஸ்ஸில் போனால் நிலாவெளி வருவதற்குள் சத்தி எடுத்துவிடுவார். ஆகவே அந்த வேன்தான் அவருடைய ஆஸ்பத்திரி, அதில் வரும் மருந்துக் குளிசைதான் அவருடைய ஆயுள்.

வாரத்தில் ஒரு நாள் போதவில்லை. வரிசையின் கடைசியில் நிற்பவர்கள் மருந்து முடிந்து வெறுங்கையோடு வீடு போனார்கள். ஊரில் யார் யாருக்கு என்ன வருத்தம் என்று ஒழுங்காக ஆராய்ந்து கொடுத்தால் வேன் இன்னொரு நாளும் வரும் என்று றுமானா நம்பினாள். நிலையத்தில் நான்காம் ஆண்டு படித்தும் அவளிடம் அந்த நம்பிக்கை மிச்சமிருந்தது ஆச்சரியம்தான். இறுதியாண்டு ஆய்வுக்குக் கண்டல்முனையையே எடுத்தாள். வினாக்கொத்தின் முதற் கேள்வியை ஊரில் கேட்கிற மாதிரியே எழுதினாள்: "உங்களுக்கு என்ன வருத்தம்?"

வினாக்கொத்தை மூன்று துறைகளும் கூடி அங்கீகரிக்க வேண்டும் என்பது விதி. கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் நிலையத்தின் பணிப்பாளரும் விஞ்ஞானத் துறைத் தலைவருமான பேராசிரியர் இரத்தினசிங்கம். கேள்வியை வாசித்ததும் அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"பிள்ளை, வருத்தம் எண்டால் கவலை. நான் சென்னையில ஒரு மாநாட்டுக்குப் போய், எனக்குக் கொஞ்சம் வருத்தம், படுக்கப்போறன் எண்டு சொன்னனான். யார் சார் உங்களை என்ன சொன்னாங்க எண்டு அறைக்கு நாலு பேர் ஆறுதல் சொல்ல வந்திட்டாங்கள். இது சர்வதேசத் தரமில்லாத சொல்லு."

"எங்கட பக்கம் நோயைத்தானே சேர் வருத்தம் எண்டு சொல்லுறது?"

"ஓம், நானும் வீட்டில அப்பிடித்தான் சொல்லுவன். வீடு வேற, விஞ்ஞானம் வேற."

சமூகத் துறைக் கலாநிதி ஜெயரூபிக்குச் சொல்லில் பிரச்சினை இல்லை, கேள்வியில்தான். "என்ன வருத்தம் எண்டு கேட்கேக்க, வருத்தம் இருக்கு எண்டு நாங்களே முடிவெடுத்துப் போடுறம். வாசலில நிக்கிற மனிசியை ஒரு வசனத்தில நோயாளி ஆக்கிறம். இது ஒரு மென்மையான வன்முறை."

கொள்கைத் துறைக் கலாநிதி நஸ்ரி சுருக்கமாகப் பேசுபவர். "என்ன வருத்தமெண்டு கேட்டா அவங்க சொல்லிருவாங்க. சொன்னாப் பதிவாகும். பதிவானா நாம ஏதாவது செய்யணும். பதில் வராத மாதிரிக் கேள்வி கேட்கிறதுதான் பொறுப்பான கொள்கை."

நீண்ட நேரம் கதைத்து, மூன்று துறைகளும் ஒரு கேள்விக்கு வந்து சேர்ந்தன. "நீங்கள் சுகமா?" இரத்தினசிங்கத்துக்கு அது அளக்கக்கூடியதாக இருந்தது. ஓம் அல்லது இல்லை. ஜெயரூபிக்கு அது அன்பாக இருந்தது. நஸ்ரிக்கு அது பாதுகாப்பாக இருந்தது. அதன் கீழே ஒரு அறிவுறுத்தலும் சேர்ந்தது: பதில் 'ஓம்' எனில் நன்றி கூறி நேர்காணலை முடிக்கவும். நிலையத்தின் வரலாற்றில் மூன்று துறைகளும் உடன்பட்ட முதல் விடயம் அதுதான் என்பதால் எல்லோருக்கும் பற்றிஸும் தேத்தண்ணியும் வந்தன. படமும் எடுத்தார்கள்.

றுமானா மட்டும் பற்றிஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "சேர், எங்கட ஊரில சுகமா எண்டு கேட்டா ஆரும் இல்லையெண்டு சொல்ல மாட்டாங்க."

"அப்ப அது சுகமான ஊர் பிள்ளை," என்றார் இரத்தினசிங்கம்.

ஆய்வுக்கு உதவியாக அவளோடு படிக்கும் சிந்துஜனை அனுப்பினார்கள். கண்டல்முனைச் சந்தியில் முதலில் அகப்பட்டவர், ஊருக்கெல்லாம் மூத்த அண்ணனான பக்கீர் காக்கா. சில்லறைக் கடை வாசலில் ஒரு கதிரையில் இருந்து, துணி சுற்றிய வலது காலை இன்னொரு கதிரையில் நீட்டி வைத்திருந்தார். புண்ணிலிருந்து ஈயை விரட்ட ஒரு பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்.

"காக்கா, நீங்கள் சுகமா?" என்று சிந்துஜன் வினாக்கொத்தைப் பார்த்து வாசித்தான்.

"அல்ஹம்துலில்லாஹ், நல்ல சுகம். நீங்க சுகமா தம்பி?"

சிந்துஜன் காலைப் பார்த்தான். "அப்ப கால்?"

"அது கால். நீங்க என்னையெல்லோ கேட்டீங்க."

அடுத்த வளவில் பாக்கியரத்தினம் அக்கா. முட்டு வருத்தக்காரி. வாசலுக்கு வந்து, தூணைப் பிடித்து, மூச்சை இழுத்து, இருமி, மறுபடி இழுத்து, ஒருவாறு பதில் சொன்னார். "பிள்ளையார்... புண்ணியத்தில... சுகம் ராசா." அதைச் சொல்லி முடிக்க அவருக்கு எடுத்த நேரத்தில் சிந்துஜன் இரண்டு வீட்டை முடித்திருப்பான். நன்றி கூறி நேர்காணலை முடித்தான்.

றுமானாவின் வீட்டிலும் அவன்தான் கேட்டான். பெற்ற தாயை மகள் பேட்டி எடுப்பது பக்கச்சார்பு என்று விதி இருந்தது. ஜெமீலா தலைமுக்காட்டைச் சரிசெய்து, ஒளிவீசும் முகத்தோடு, "நல்ல சுகம் மகன், இருங்க, தேத்தண்ணி ஊத்துறன்," என்றார். சீனி போடாத தேத்தண்ணியைத் தனக்கும், மூன்று கரண்டி போட்டதை அவனுக்கும் கொண்டுவந்தார்.

அவன் போனபிறகு றுமானா குசினி வாசலில் போய் நின்றாள். "ஏன் உம்மா சுகமெண்டு சொன்னீங்க?"

"வேற என்னத்தச் சொல்ற? வெயிலுக்குள்ள நடந்து, சுகமா எண்டு கேட்டு வந்திருக்கிற புள்ள. அதுக்கிட்ட என்ட வருத்தத்தக் கொட்டி மனசக் கெடுக்கிறதா? அது மரியாதையா?"

ஊர் முழுவதும் அதே மரியாதை. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து சுகம் சொன்னார்கள். 'இல்லை' என்று சொன்னவர் ஒரேயொருவர்தான், பல்வலியோடு வந்து நின்ற ஐஸ்கிரீம் வியாபாரி. அவர் கண்டல்முனை வாசியல்ல என்று தெரியவந்ததால் அவருடைய பல்லை ஆய்விலிருந்து நீக்கினார்கள்.

முடிவைப் பார்த்த இரத்தினசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நூற்றுக்கு நூறு. உலகத்தில் எங்கேயும் யாருக்கும் கிடைக்காத துப்பரவான முடிவு. அதை விஞ்ஞானத் துறை பரிசோதித்தது, சமூகத் துறை பாராட்டியது, கொள்கைத் துறை செயற்படுத்தியது. நோயாளி ஒருவரும் இல்லாத ஊருக்குக் கிளினிக் வேன் எதற்கு? அடுத்த செவ்வாய்க்கிழமை கண்டல்முனைச் சனம் மதியம் வரை மண்டப வாசலில் நின்றுவிட்டு வீடு போனது. அன்றைக்கு அந்த வேன் துறைமுக வீதியில் நின்றது. அதன் பக்கவாட்டில் ஒருவர் 'நோயற்ற முதற் கிராமம்' என்று பச்சை நிறத்தில் எழுதிக்கொண்டிருந்தார். பிரகடன விழாவுக்கு வரும் விருந்தினர்களை ஏற்றி இறக்க வேன் தேவைப்பட்டது.

ஜெமீலா ஒரு தரம் டவுனுக்குப் போய்ப் பார்த்தார். வழியில் இரண்டு இடத்தில் இறங்கி, மயங்கி, ஆஸ்பத்திரி வாசலைக் காணாமலே திரும்பி வந்தார். அதற்குப் பிறகு குளிசையைக் கத்தியால் பாதியாக வெட்டத் தொடங்கினார். பிறகு பாதியையும் பாதியாக்கினார். கால் விறைக்கிறது என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னவர், றுமானாவின் முகத்தைப் பார்த்து, "சும்மா சொன்னன்," என்றார்.

றுமானா கீழ்மாடியிலிருந்து தொடங்கினாள். சிறு மெஷின் ஒன்றில் பார்த்த உம்மாவின் இரத்தச் சீனி அளவை எழுதிக்கொண்டு போய் இரத்தினசிங்கத்திடம் காட்டினாள்.

"இது எந்த ஊர் இரத்தம்?"

"கண்டல்முனை சேர்."

"அங்க நோயாளி இல்லையே பிள்ளை. அப்ப உங்கட மெஷின் பிழை. இல்லாட்டி, உங்கட உம்மா ஆய்வு முடிஞ்சாப் பிறகு வருத்தக்காரி ஆகியிருக்கிறா. அதுக்கு நிலையம் பொறுப்பில்லை."

இரண்டாம் மாடியில் ஜெயரூபி அவளைக் கதிரையில் இருத்தி, கையைப் பிடித்துக்கொண்டார். "றுமானா, உங்கட உம்மா தான் சுகம் எண்டு தன்ட வாயால சொல்லியிருக்கிறா. காலங்காலமா குரல் இல்லாத ஒரு பெண்ணின்ட குரல் அது. அதைப் பொய்யெண்டு சொல்ல நீங்கள் ஆர்? மகள் எண்டாப்போல?"

மூன்றாம் மாடியில் நஸ்ரி எழுந்துகூட நிற்கவில்லை. "கண்டல்முனையில வருத்தம் இல்ல எண்டு கொள்கை வந்திட்டு. இனி அங்க ஒருவருக்கு வருத்தம் வாறதெண்டா முதல்ல கொள்கைய மாத்தணும். உம்மாவக் கொஞ்சம் பொறுமையா இருக்கச் சொல்லுங்க. இன்னொண்டு. அந்த ஆய்வு உங்கட பேரில இருக்கு. அது பிழையெண்டா உங்கட பட்டமும் பிழை."

படியில் காத்திருந்த சிந்துஜன் அவள் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டான். "விடுமன் றுமானா. பட்டத்தை எடுத்துக்கொண்டு போய் வேலை எடுத்து, உம்மாக்கு மருந்து வாங்கிக் குடும்."

"அதுவரைக்கும் குளிசைய எத்தனையா வெட்டச் சொல்றீங்க?"

சிந்துஜன் அவளுக்கு முன்னால் படியிறங்கினான்.

பிரகடன விழா நிலையத்தின் மண்டபத்தில் நடந்தது. கண்டல்முனைச் சனத்தை இரண்டு பஸ்ஸில் கொண்டுவந்து, சுகமானவர்கள் என்று எழுதிய பச்சை நாடாவைச் சட்டையில் குத்தி, முன்வரிசைகளில் இருத்தினார்கள். பஸ்ஸில் சத்தி எடுத்துக் களைத்துப்போயிருந்த ஜெமீலாவும் நாடாவோடு இருந்தார். குத்துவிளக்கை எந்தத் துறை முதலில் ஏற்றுவது என்று இணக்கம் ஏற்படாததால் விளக்கு ஏற்றப்படவில்லை. நடுநாயகமாக ஒரு வெளிநாட்டு விருந்தினர் இருந்தார். நிலையத்துக்கு வேனை வாங்கிக் கொடுத்த நிறுவனத்தின் தலைவி. அவருடைய காதோரம், சென்னையிலிருந்து வரவழைத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர்.

இரத்தினசிங்கம் உரையாற்றினார். "சுகாதாரத்துக்கு ஆகப்பெரிய தடை நோயாளிகள்தான். அவை இல்லாத இடத்தில சுகாதாரம் எவ்வளவு சிறப்பாக நடக்கும் எண்டதைக் கண்டல்முனை உலகத்துக்குக் காட்டியிருக்கு. ஒரு மருந்தும் இல்லாமல், ஒரு டொக்டரும் இல்லாமல், ஒரேயொரு கேள்வியால ஒரு ஊரையே நாங்கள் சுகப்படுத்தியிருக்கிறம்." சனம் கைதட்டியது. பாக்கியரத்தினம் அக்கா தட்ட முயன்று இருமினார்.

அடுத்து ஆய்வாளர் றுமானா, மக்களிடம் அந்தக் கேள்வியை மேடையிலிருந்து கேட்க வேண்டும். மக்கள் ஒரே குரலில் 'சுகம்' என்று சொல்ல வேண்டும். காலையில் ஒத்திகையும் பார்த்திருந்தார்கள். றுமானா மைக்கைப் பிடித்தாள். முன்வரிசையில் உம்மா ஒரு செருப்பைக் கழற்றி, விறைத்த காலை யாருக்கும் தெரியாமல் மற்றக் காலால் தேய்த்துக்கொண்டிருந்தார். றுமானா அதைப் பார்த்தாள்.

"உங்களுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டாள்.

பக்கீர் காக்கா பொல்லை ஊன்றி எழுந்தார். "அப்பிடிக் கேளு மகள். எனக்குச் சீனி வருத்தம், காலில புண்ணு, ராவைக்குக் கண் தெரியுதில்ல." அவர் முடிக்கும் முன் பின்னால் ஒரு வரிசை உருவாகிவிட்டது. கிளினிக்கில் நிற்கிற அதே ஒழுங்கு. முட்டு, பிரஷர், மூட்டு, நெஞ்செரிவு, பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்று மைக் கைமாறிக்கொண்டே போனது. மேடையில் மூன்று துறைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

மொழிபெயர்ப்பாளர் தன் கடமையைச் செய்தார். பக்கீருக்குச் சீனியை நினைத்துக் கவலை, இந்த அம்மாவுக்குத் தன் நெஞ்சை நினைத்துக் கவலை, அந்தப் பெரியவருக்கு மூட்டுகளைப் பற்றி ஆழ்ந்த கவலை என்று விருந்தினரின் காதில் சொல்லிக்கொண்டே வந்தார். விருந்தினர் கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சியை எடுத்தார். இவ்வளவு சுகமான மக்களுக்கு உள்ளே இவ்வளவு கவலையா?

கடைசியாக வரிசையில் வந்து நின்றவர் ஜெமீலா. மைக்கை வாங்கி, மேடையைப் பார்த்தார். மகள் மைக்கின் வயரைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்குப் பின்னால் நஸ்ரி எதையோ குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். ஆய்வு பிழையென்றால் பட்டமும் பிழை என்று சிந்துஜன் வந்து சொல்லியிருந்தது, அந்தப் பேனையைப் பார்த்ததும் ஜெமீலாவுக்கு விளங்கிவிட்டது.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்ல," என்றார். "என்ட மகள் எழுதினது சரி. அவட பட்டத்தக் குடுங்க."

றுமானா கண்ணை மூடிக்கொண்டாள். விருந்தினர் எழுந்து நின்றுவிட்டார். உடலிலும் குறையில்லை, மனதிலும் கவலையில்லை என்று சொல்லும் ஒரு மனுஷியை அவர் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று மொழிபெயர்ப்பாளர் சபைக்கு அறிவித்தார். இந்த அம்மையாரைத் தொடர்ந்து ஆராய வேண்டும். கவலையுள்ள ஏனைய ஊரவர்களை ஒப்பீட்டுக் குழுவாக வைத்து, அவர்களுடைய கவலைக்கு வேண்டிய குளிசையும் கொடுக்க வேண்டும். வேன், டொக்டர், மருந்து எல்லாவற்றுக்கும் அவர் பொறுப்பு.

இப்படியாக வேன் கண்டல்முனைக்குத் திரும்பி வந்தது. பச்சை எழுத்தை அழிக்க அனுமதி கிடைக்காததால், நோயற்ற கிராமம் என்ற வேனுக்கு முன்னால் நோயாளிகள் வரிசையில் நின்றார்கள். மருந்து தாராளமாக இருந்தது. பக்கீரின் புண் காயத் தொடங்கியது. றுமானாவுக்குப் பட்டம் கிடைத்தது. அதே ஆய்வில் உதவி ஆய்வாளர் வேலையும் கிடைத்தது.

மருந்து கிடைக்காதவர் ஜெமீலா மட்டும்தான். ஊரின் ஒரே சுகமான மனுஷி அவர். மண்டபத்தின் நடுவில் மெத்தை வைத்த கதிரையில் அவரை இருத்தி, கேள்விகள் கேட்டார்கள். இரத்தம் எடுத்துப் பார்ப்போமா என்று டொக்டர் கிருஷாந்த் கேட்டதற்கு, சுகமாக இருப்பவரை ஊசியால் குத்துவது ஒழுக்கக்கேடு என்று நெறிமுறைக் குழு பதில் அனுப்பியது. கிருஷாந்த் அதை வாசித்து மடித்து வைத்துவிட்டு, பக்கீரின் கையில் இரண்டு பொதி கொடுத்தார்.

"இது உங்கட காலுக்கு, காக்கா. இது மற்றக் காலுக்கு."

பக்கீர் மெத்தைக் கதிரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "ஓம் டொக்டர், மற்றக் காலுக்கும் வேணும்தான்." போகிற வழியில் மற்றக் காலின் மருந்தை ஜெமீலாவின் வேலியில் கொளுவிவிட்டுப் போனார்.

வருட முடிவில் மூன்று துறைத் தலைவர்களும் நேரில் வந்தார்கள். ஜெமீலாவின் சுகத்தின் இரகசியம் என்ன என்பது நிலையத்தின் பிரதான கேள்வியாகியிருந்தது. இரத்தினசிங்கம் மீன் என்று நினைத்தார். ஜெயரூபி அயலவர் என்று நினைத்தார். நஸ்ரி எதையும் நினைக்காமல் கேட்டார்.

"நீங்க சொல்லுங்க ஜெமீலா ராத்தா, என்ன காரணம்?"

"செவ்வாய்க்கிழமை தவறாம இங்க வாறன்," என்றார் ஜெமீலா. "அதான்."

மூவரும் எழுதிக்கொண்டார்கள். இரத்தினசிங்கம் பேனையை நிறுத்தினார். "அப்பிடியெண்டால் வேன் வாறதுக்கும் இவவின்ட சுகத்துக்கும் தொடர்பிருக்கு எண்டு கருதவேணும். அதை நிரூபிக்க ஒரு வழிதான் இருக்கு. ஆறு மாதம் வேனை நிப்பாட்டிப் பாக்கவேணும்."

ஜெயரூபி அது துணிச்சலான யோசனை என்றார். நஸ்ரி அடுத்த செவ்வாயிலிருந்தே தொடங்கலாம் என்றார். வரிசையில் நின்றவர்களின் கதை அடங்கியது. பாக்கியரத்தினம் அக்கா இருமலையும் அடக்கிக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற றுமானா, நிலையத்தில் கழித்த ஐந்தாண்டுகளில் முதல் தடவையாக நிதானமாகப் பேசினாள்.

"நிப்பாட்டலாம் சேர். ஆனா வேன் நிண்டா உம்மாக்கு வருத்தம் வரும்."

"எந்த வருத்தம்?" என்று இரத்தினசிங்கம் உஷாராகக் கேட்டார். "எங்கட வருத்தமோ, சென்னை வருத்தமோ?"

"ரெண்டும் வரும் சேர். எது முந்தி வந்தாலும் உங்கட ஆய்வு முடிஞ்சிரும்."

மூன்று துறைத் தலைவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆய்வு முடிந்தால் விருந்தினர் போய்விடுவார். விருந்தினர் போனால் வேன் போய்விடும். அவர்கள் மூவரும் அன்றைக்கு வந்திறங்கியதும் அந்த வேனில்தான், திரும்பிப் போவதற்கும் அதுதான் நின்றது. முத்துறைச் சுகாதாரக் கற்கைகள் நிலையத்தின் வரலாற்றில் இரண்டாவது தடவையாக, வேனை நிறுத்துவதில்லை என்று மூன்று துறைகளும் உடன்பட்டன. ஜெமீலா மெத்தைக் கதிரையிலிருந்து எழுந்து, யாருக்கெல்லாம் தேத்தண்ணிக்குச் சீனி வேண்டும் என்று கேட்டார்.